படிப்பு பாதி, பயணம் பாதி

நியூயார்க் சுரங்க ரயில்களில் 2-ஆம் எண் வண்டி வடக்கே பிராங்க்ஸின் வேக்ஃபீல்டில் கிளம்பி, மன்ஹாட்டனை நெடுகக் கடந்து, தெற்கே புரூக்ளினில் போய் நிற்கிறது. கடைசி ஸ்டேஷனின் பெயரிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது: ஃப்ளாட்புஷ் அவென்யூ – புரூக்ளின் காலேஜ். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் வரை ஆகும். வேக்ஃபீல்டில் ஏறினால் வண்டி முதலில் தெருவுக்கு மேலே, இரும்புத் தூண்கள் தாங்கும் பாலத்தில் ஓடும். போனில் சிக்னல் இருக்கும். ஜாக்சன் அவென்யூ தாண்டியதும் தரைக்குள் இறங்கிவிடும். அப்புறம் கடைசிவரை சுரங்கம்தான். ஸ்டேஷனில் நிற்கும் அரை நிமிடம் இணையம் எட்டிப்பார்க்கும், கதவு மூடினால் போய்விடும். இந்த வழியில் தினமும் கல்லூரிக்குப் போகிற ஒரு மாணவியை நினைத்துக்கொள்வோம். படிக்க வேண்டியதை ஜாக்சன் அவென்யூவுக்கு முன்னால் டவுன்லோடு செய்துவிட வேண்டும் என்பது அவளுக்கு முதல் வாரத்திலேயே பழகியிருக்கும்.

அந்த மாணவி நான் கணக்குக்காக உருவாக்கியவள். கணக்கு நிஜமானது. போக வர மூன்றரை மணி நேரம். வாரம் நான்கு நாள் வகுப்பு என்றால் பதினான்கு மணி நேரம். அமெரிக்கக் கல்லூரியில் ஒரு பருவத்துக்கு 15 கிரெடிட் எடுக்கும் முழுநேர மாணவர் வாரத்தில் வகுப்பறையில் உட்காரும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆசிரியர் முன்னால் எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் ரயிலிலும். எல்லா மாணவருக்கும் இவ்வளவு தூரம் இல்லை, இது கடைக்கோடி உதாரணம். ஆனால் பாதி தூரத்தில் இருப்பவருக்கும் வாரத்தில் ஏழு மணி நேரம் போய்விடுகிறது.

போகும் நேரம் மட்டும் பிரச்சினை என்றால் சமாளித்துவிடலாம். காலை ஒன்பதுக்கு ஒரு வகுப்பு, அடுத்தது மதியம் இரண்டுக்கு என்று டைம்டேபிள் போட்டால் ஹாஸ்டல் மாணவன் அறைக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருவான். நம் டே ஸ்காலர் வீட்டுக்குப் போய்த் திரும்பினால் இடைவெளி மொத்தமும் ரயிலிலேயே கரையும். நடுவில் இருக்கும் அந்தச் சில மணி நேரத்துக்கு வேலை கொடுக்க யாரும் காத்திருக்கவில்லை. ஆகவே இரண்டு வகுப்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விழுகிறது என்பது, அந்த வகுப்புகளில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்பதற்குக் கொஞ்சமும் குறையாத விஷயம். கல்லூரி நிர்வாகங்கள் இதைப் புரிந்துகொள்ள வெகுகாலம் எடுத்துக்கொண்டன.

புரூக்ளின் காலேஜ், சிட்டி யுனிவர்சிட்டி ஆஃப் நியூயார்க் என்ற பெரிய குடும்பத்தில் ஒன்று. ‘கியூனி’ என்றால்தான் நியூயார்க்கில் எல்லோருக்கும் தெரியும். நகரத்தின் ஐந்து பகுதிகளிலும் பரவிய சுமார் இருபத்தைந்து கல்லூரிகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். மிகப் பெரும்பாலோர் டே ஸ்காலர்கள். முதலாண்டில் சேர்பவர்களில் மிகுதியானவர்கள் நகரத்தின் அரசுப் பள்ளிகளில் படித்து வருகிறவர்கள். மூன்றில் ஒருவர் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர். ஏறக்குறைய பாதிப் பேரின் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 30,000 டாலருக்கும் குறைவு. நியூயார்க்கில் அதில் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடும். லத்தீன் அமெரிக்க வழியினர், கறுப்பினத்தவர், ஆசிய வழியினர், வெள்ளையர் என்று எல்லாரும் கணிசமாக இருக்கிறார்கள். எந்தப் பிரிவும் பாதியைத் தொடுவதில்லை. வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள், இடையில் விட்டுவிட்டு முப்பது வயதில் திரும்பி வந்தவர்கள், தம்பி தங்கையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தன் வகுப்புக்கு ஓடுகிறவர்கள் எல்லாரும் இங்கே சகஜம். புல்வெளியில் சாய்ந்து புத்தகம் படிக்கும் பதினெட்டு வயது மாணவன், அமெரிக்கக் கல்லூரி என்றதும் சினிமா நமக்குக் காட்டும் உருவம். கியூனியில் அவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்த ஏழைக் கல்லூரிகள் என்ன சாதிக்கின்றன என்பதை 2017-இல் ஒரு பெரிய ஆய்வு அளந்து காட்டியது. அதற்குத் தலைமை வகித்தவர்களில் ஒருவர் ராஜ் செட்டி, தமிழ்நாட்டிலிருந்து போன பெற்றோருக்கு டெல்லியில் பிறந்த பொருளாதார அறிஞர். பெயர்கள் நீக்கிய வருமான வரிப் பதிவுகளை வைத்து, மூன்று கோடிக்கு மேற்பட்ட மாணவர்களின் பெற்றோர் வருமானத்தையும் பின்னாளில் அவர்களே சம்பாதித்ததையும் அவரது குழு கல்லூரி வாரியாக ஒப்பிட்டது. அவர்கள் பயன்படுத்திய அளவுகோல் எளிமையானது. ஒரு கல்லூரியின் நூறு மாணவரில் எத்தனை பேர் வருமானத்தில் கடைசி ஐந்தில் ஒரு பங்குக் குடும்பத்தில் பிறந்து, முப்பது வயதைத் தாண்டியதும் முதல் ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறியிருக்கிறார்கள்? நாட்டின் சராசரி 1.9. ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு வகைக் கல்லூரிகளுக்கு 2.2. கியூனிக்கு 7.2. பட்டியலின் உச்சியில் இருந்தது கலிஃபோர்னியாவின் கால் ஸ்டேட் லாஸ் ஏஞ்சல்ஸ், 9.9. அதுவும் வீட்டிலிருந்து வந்து போகிறவர்களின் கல்லூரிதான். ஹார்வர்டில் சேரும் ஏழைப் பிள்ளையும் நன்றாகவே மேலே வருகிறான். ஆனால் அங்கே ஏழைப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள்.

கியூனிக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு பழையது. அதன் மூத்த கல்லூரியான சிட்டி காலேஜ் 1847-இல் ‘ஃப்ரீ அகாடமி’ என்ற பெயரில், கட்டணமே இல்லாத கல்லூரியாக நிறுவப்பட்டது. நியூயார்க்கின் முதல் சுரங்க ரயில் 1904 அக்டோபர் 27 அன்று ஓடியபோது 28 ஸ்டேஷன்கள் இருந்தன. அவற்றில் ஒன்று ஹார்லெமின் 137-ஆம் தெரு. சிட்டி காலேஜ் அங்கே ஒரு குன்றின் மேல் இருக்கும் புது வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது 1907-இல். ரயில் மூன்று வருடம் முன்னதாகவே வந்து காத்திருந்தது. அந்தக் கல்லூரி முதல் ஹாஸ்டலைக் கட்டியது 2006-இல்தான். நடுவில் ஒரு நூற்றாண்டு, மாணவர்கள் அந்த ரயிலில்தான் வந்திறங்கினார்கள்.

வந்திறங்கியவர்களில் 1937-ஆம் ஆண்டு பட்டம் பெற்ற செட்டை மட்டும் பாருங்கள். ஆர்தர் கோர்ன்பெர்க், ஜெரோம் கார்ல், ஹெர்பர்ட் ஹாப்ட்மன். கோர்ன்பெர்க்குக்கு 1959-இல் மருத்துவ நோபல், மற்ற இருவருக்கும் 1985-இல் சேர்ந்து வேதியியல் நோபல். ஒரே கல்லூரி, ஒரே ஆண்டு, மூன்று நோபல் பரிசாளர்கள். அதில் கோர்ன்பெர்க்கும் கார்லும் புரூக்ளினில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்தத் தென்கோடியிலிருந்து ஹார்லெமுக்கு வர வேண்டும். கோர்ன்பெர்க் மாலையிலும் வார இறுதியிலும் ஆண்கள் துணிக்கடையில் விற்பனையாளராக நின்றார். டி.என்.ஏ.வைக் கட்டும் நொதியைப் பின்னாளில் கண்டுபிடித்தவர் அவர்.

அறை இல்லாத மாணவர்கள் எங்கே கூடுவார்கள்? சாப்பாட்டுக் கூடத்தில். 1930-களின் சிட்டி காலேஜ் உணவுக்கூடத்துச் சுவரோரம் மாடம் மாடமாகத் தடுப்புகள் இருந்தன. ஒவ்வொரு மாடத்திலும் ஒரு கூட்டம். ஒன்றாம் மாடம் ஸ்டாலினை எதிர்த்த இடதுசாரிகளுக்கு, இரண்டாம் மாடம் ஸ்டாலின் ஆதரவாளர்களுக்கு. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரொட்டியைத் தின்றபடி மணிக்கணக்கில் சண்டை. ஒன்றாம் மாடத்தில் உட்கார்ந்த டேனியல் பெல், இர்விங் ஹவ், நேதன் கிளேசர், இர்விங் கிறிஸ்டல் நால்வரும் பின்னாளில் அமெரிக்கச் சிந்தனை உலகில் பெரும் பெயர்கள் ஆனார்கள். வகுப்புகளுக்கு நடுவே விழுந்த அந்த வேண்டாத இடைவெளிக்கு இதில் பங்கு உண்டு என்பது என் கட்சி. வீட்டுக்குப் போக முடியாதவன் பேசிக்கொண்டிருப்பான்.

நகரம் திவாலாகும் நிலைக்கு வந்ததால் 1976-இல் இலவசப் படிப்பு முடிவுக்கு வந்தது. அதன்பின் இடைவெளி நேரங்களைச் சம்பளத்துக்கு விற்றாக வேண்டிய மாணவர்கள் கூடிப்போனார்கள்.

இந்த மாணவர்களின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேள்வித்தாள் கொடுத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். கியூனியின் நூலகர்களான மௌரா ஸ்மேல், மரியானா ரெகலாடோ இருவரும் 2009 முதல் வேறு வழியில் போனார்கள். மானிடவியலாளர்கள் ஒரு கிராமத்தை ஆராய்வதுபோல ஆறு கல்லூரிகளின் மாணவர்களை ஆராய்ந்தார்கள். ஒரு நாள் முழுக்க எத்தனை மணிக்கு எங்கே இருந்தாய் என்று வரைபடமாகக் குறித்து வா என்றார்கள். படிக்கிற இடம், கூடவே தூக்கித் திரிகிற சாமான் என்று படம் எடுத்து வரச் சொன்னார்கள். ஒரு கட்டுரையை எழுதி முடித்த கதையைக் காகிதத்தில் வரைந்து காட்டச் சொன்னார்கள்.

அந்த வரைபடங்களில் வீட்டுக்கும் நூலகத்துக்கும் நடுவே ரயில் வந்து நின்றது, படிக்கும் இடமாக. வீட்டில் தனி மேசை இல்லை, தம்பி டிவி பார்க்கிறான், சமையலறையில் ஆள் நடமாட்டம். கல்லூரி நூலகத்தில் கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் வரிசை. ரயிலில் சத்தம் உண்டு, ஆனால் அந்தச் சத்தத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இணையம் கிடைக்காதது கவனம் சிதறாமல் காத்தது என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. சிலர் கட்டுரையையே போனில் கட்டைவிரலால் தட்டி எழுதினார்கள். உட்கார இடம் கிடைத்தால் ஒரு அத்தியாயம் முடிந்தது, கிடைக்காவிட்டால் அன்றைய படிப்பு போச்சு. வேக்ஃபீல்டு மாணவிக்கு ஒரு அதிர்ஷ்டம்: வண்டி அங்கேதான் புறப்படுகிறது, போகும்போது இடம் நிச்சயம்.

பயணம் நீளமாக இருந்தால் சாப்பாடும் வெளியில்தான், காசு இருந்தால். 2018-இல் கியூனி மாணவர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், பதில் சொன்னவர்களில் 48 சதவீதம் பேர் முந்தைய முப்பது நாளில் போதிய உணவுக்கு வழியில்லாமல் திண்டாடியிருந்தார்கள்.

இனி இந்தக் கதையின் வியப்பான பகுதி. நகரத்துப் பள்ளி மாணவர்களுக்கு ரயிலும் பஸ்ஸும் இலவசம். பள்ளி முடித்து, அதே வண்டியில் கல்லூரிக்குப் போகத் தொடங்கினால் சலுகை நின்றுவிடும். 2010-இல் மாதப் பாஸ் 89 டாலர். அந்த ஆண்டு முடிவதற்குள் 104 ஆனது. கியூனியின் இரண்டாண்டுக் கல்லூரிகளில் 2007-இல் தொடங்கிய ‘ஏசாப்’ என்ற திட்டம் இந்த இடத்தில் கைவைத்தது. முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்கு, உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணம் தள்ளுபடி, பாடப்புத்தகம் இலவசம். வகுப்புகளை இடைவெளி இல்லாமல் ஒரே மூச்சில் வருகிற மாதிரி அடுக்கிக் கொடுத்தார்கள். மற்ற மாணவர்களுக்கு அப்போது 600 முதல் 1,500 பேருக்கு ஒரு ஆலோசகர் இருந்தார்; இங்கே 60 முதல் 80 பேருக்கு ஒருவர். மாதம் ஒரு ரயில் பாஸ். அந்தப் பாஸைத் தபாலில் அனுப்பவில்லை. ஆலோசகரைப் பார்த்துப் பேசினால்தான் கைக்கு வந்தது.

இதெல்லாம் பலிக்கிறதா என்று சும்மா எண்ணிப் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஆர்வமுள்ளவர்கள்தான் இப்படியான திட்டங்களில் முந்திக்கொண்டு சேர்வார்கள். அவர்கள் திட்டம் இல்லாமலும் தேறியிருக்கலாம். அதனால் எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் புது மருந்தைச் சோதிக்கிற முறையைக் கையாண்டது. 2010-இல் மூன்று கல்லூரிகளில், குறைந்த வருமானமும் கணக்கிலோ ஆங்கிலத்திலோ அடிப்படையை மீண்டும் படிக்க வேண்டிய தேவையும் உள்ள 896 மாணவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு ஏசாப், மறு பாதிக்கு வழக்கமான கல்லூரி. மூன்று ஆண்டு கழித்து எண்ணியபோது வழக்கமான பக்கத்தில் பட்டம் வாங்கியிருந்தவர்கள் 22 சதவீதம். ஏசாப் பக்கத்தில் 40. கல்வித் திட்டங்களை இப்படிக் கறாராகச் சோதித்தால் ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் வந்தாலே கொண்டாடுவார்கள். செலவு தலைக்கு ஏறத்தாழ 16,300 டாலர் கூடுதல்தான். ஆனால் கிடைத்த பட்டங்களால் வகுத்தால், ஒரு பட்டத்துக்கான செலவு வழக்கமான கல்லூரியைவிடக் குறைந்திருந்தது.

இதில் எது வேலை செய்தது, பாஸா, ஆலோசகரா, அடுக்கிய டைம்டேபிளா? சோதித்தது மொத்தப் பொட்டலத்தை என்பதால் தனித்தனியே பிரித்துச் சொல்ல முடியாது. நியூயார்க்குக்கு மட்டுமே பொருந்துகிற சங்கதியாக இருந்துவிடுமோ என்ற சந்தேகமும் இருந்தது. ஒஹாயோ மாநிலத்தின் மூன்று கல்லூரிகள் அதே திட்டத்தைத் தங்கள் ஊருக்கு எடுத்துப்போய், அதே குலுக்கல் முறையில் சோதித்துப் பார்த்தன. அங்கே நியூயார்க்கைப் போலச் சுரங்க ரயில் வலை இல்லை, பலர் காரில் வருகிறவர்கள். அதனால் ரயில் பாஸுக்குப் பதில் மாதம் 50 டாலருக்கு ஒரு பரிசு அட்டை, பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம், மளிகையும் வாங்கலாம். மூன்று ஆண்டில் பட்டம் பெற்றவர்கள் வழக்கமான பக்கத்தில் 19 சதவீதம், திட்டத்தில் 35.