தாமதத்துக்கு யார் தருவது வட்டி?

திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பது திருவாலங்காட்டில். சுற்றுவட்டாரத்தில் கரும்பு போட்டவர்களுக்கு நேரத்தின் விலையை யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆலையின் கட்டிங் ஆர்டர் வந்த பிறகுதான் அரிவாள் வயலில் இறங்கும். வெட்டிய கரும்பு 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போய்விட வேண்டும். தங்கினால் காயும், எடை இறங்கும், உள்ளே இருக்கும் சர்க்கரையும் சிதையும்.

ரூபாயில் பார்ப்போம். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10.25 சதவீத சர்க்கரை கட்டுமானத்துக்கு டன்னுக்கு 3,550 ரூபாய். கட்டுமானம் 9.5 சதவீதத்துக்குக் கீழே போனாலும் 3,290 ரூபாய் 50 காசுக்குக் குறையக்கூடாது. அந்தக் குறைந்த விலையையே எடுத்துக்கொண்டால் 10 டன்னுக்கு 32,905 ரூபாய். வண்டி தாமதமாகி, நூற்றுக்கு இரண்டு பங்கு எடை காய்ந்துபோனது என்று வைத்துக்கொள்வோம். 658 ரூபாய் 10 காசு ஆவியாகிவிட்டது.

ஆலை பணம் தரத் தாமதித்தால்? அதற்கும் விகிதம் உண்டு. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு வந்த 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. அந்த 32,905 ரூபாய்க்கு நாளொன்றுக்கு 13 ரூபாய் 52 காசு. இந்த வட்டியைக் கேட்டு வாங்குவது எத்தனை பாடு என்பது தனிக்கதை. ஆனாலும் ஒரு நாள் தாமதத்துக்கு இவ்வளவு என்று எழுத்தில் இருக்கிறது. கேட்பவன் கையில் ஓர் எண் இருக்கிறது.

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பழகியவன் நான். தாமதத்துக்கு விலை வைக்காதவர் ஊரில் யாரும் இல்லை என்றுதான் பேரேடுகளைப் பார்த்தால் தோன்றும். மாதாந்தர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யத் தவறினால் நாளுக்கு 50 ரூபாய், விற்பனையே இல்லாத மாதமானாலும் 20 ரூபாய். கட்டாத வரிக்கு 18 சதவீத வட்டி. நமக்கு வரவேண்டிய பணத்துக்கும் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் கெடு வைத்திருக்கிறது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், எழுதிக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் வட்டிக்கு வட்டி. உத்யம் பதிவு உள்ள ஒரு தையற்கடை, பள்ளிக்கூடச் சீருடை 40,000 ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்து, பணம் கெடு தாண்டி நிற்கிறது என்று கொள்வோம். வங்கி விகிதம் 5.5 சதவீதமாக இருந்தால் வட்டி 16.5. முதல் மாதத்துக்கு 550 ரூபாய். (வாங்கி விற்கும் கடைகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உற்பத்தி, சேவை செய்பவர்களுக்குத்தான். பலரும் இதில் ஏமாந்துபோகிறார்கள்.)

அரசுக்கு விகிதம், வங்கிக்கு விகிதம், விவசாயிக்கு விகிதம். அதே தையற்கடையின் வாசலில் துணிப்பையோடு நிற்கும் பெண்ணுக்கு மட்டும் பேரேட்டில் ஒரு வரி கிடையாது.

"அண்ணா, ஜாக்கெட் ஆச்சா?"

"ஊக்கு மட்டும்தாம்மா பாக்கி. நாளைக்கு வந்துடுங்க."

இந்த இரண்டு வரியின் விலை என்ன? கடைக்காரர் கணக்கில் பூஜ்யம். சரி, அவள் கணக்கை எழுதுவோம். அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே 8 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே போகவர டிக்கெட் 0. "சும்மாதானே வர்றாங்க" என்று கடைக்காரர்கள் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் டிக்கெட்தான் இலவசம், நேரம் அல்ல. பஸ்ஸுக்கு நிற்க, வர, கடையில் காத்திருக்க, திரும்ப என்று அரை நாள் போய்விடுகிறது. 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 336 ரூபாய். அதையே அளவுகோலாக வைத்தால் அரை நாள் 168. ஊக்கு வைக்காத ஒரு ஜாக்கெட்டுக்காக அவள் கட்டிய தாமதக் கட்டணம் அது.

கடையின் ஒரு வாரத்தைப் பாருங்கள். கணக்குக்காக என் கையால் போட்ட எண்கள்தான். அவரவர் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்குத் தைக்க முடிவது: 6 ஜாக்கெட்
வாரத்துக்கு 6 நாள்: 36
சனிக்கிழமைக்கு என்று வாங்கிப்போட்டது: 45
மிச்சம்: 9
அந்த 9-க்குக் கூலி, தலா 200 வீதம்: 1,800 ரூபாய்
9 பேர் ஒருமுறை வெறுங்கையோடு திரும்பியது, தலா 168 வீதம்: 1,512 ரூபாய்
இரண்டாம் முறையும் திரும்பினால்: 3,024 ரூபாய்

வந்த ஆர்டரை விடக்கூடாது என்று கடை பிடித்துவைத்த வருமானம் 1,800. அதற்காக ஒன்பது வீடுகள் இழந்தது 3,024. முதல் தடவையோடு முடிந்தாலும் அந்த 1,800-இன் பெரும்பகுதிக்கு ஈடானதை அவர்கள் இழந்துவிட்டார்கள். இந்த இழப்பு யார் நோட்டிலும் ஏறாததால் யாருக்கும் வலிப்பதில்லை.

தைப்பவர்களைச் சோம்பேறி என்று நான் சொல்லவில்லை. ஓவர்லாக் ஒருவர் கையில், ஊக்கும் எம்மிங்கும் வீட்டில் இருந்தபடி செய்து கொடுக்கும் பெண்கள் கையில். நடுவில் கரண்ட் போகும். ஆடிக் கிருத்திகை நெருங்கினால் திருத்தணிக்குக் காவடி எடுப்பவர்களின் மஞ்சள் துணி மொத்தமாக வந்து குவியும். அதுவும் கிருத்திகைக்கு மறுநாள் தயாரானால் யாருக்கு? வெட்டிக் காய்ந்த கரும்பைவிட மோசம், கரும்பாவது ஏதோ ஒரு விலைக்குப் போகும். தடங்கல்கள் எல்லாம் உண்மை. ஆனால் அத்தனையும் துணி வாங்கும்போதே தெரிந்தவை. 36-தான் முடியும் என்று தெரிந்த கை, 45 பேருக்கும் அதே சனிக்கிழமையைச் சொல்கிறது. தவறு நடந்த நேரம் அது.

ஆலை இருக்கும் திருவாலங்காட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கதையும் சொன்ன சொல்லின் கணக்குத்தான். அதை ஒட்டிய பழையனூரில் இரவு தங்க அஞ்சினான் ஒரு வணிகன். மனைவி என்று சொல்லிக்கொண்டு பிள்ளையோடு வந்து நின்றவள் நீலி என்னும் பேய். உனக்கு ஒன்று ஆனால் எங்கள் உயிர் ஈடு என்று வாக்குக் கொடுத்து அவனை அவளோடு அனுப்பினார்கள் எழுபது வேளாளர். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள் என்கிறது கதை. சிறுவயதில் இதை நீலியின் கதையாகத்தான் கேட்டேன். கணக்கு எழுத வந்த பிறகு எனக்கு அந்த எழுபதுதான் பெரிதாகத் தெரிகிறது. வழிப்போக்கன் ஒருவனுக்குச் சொன்ன சொல், அவனே இல்லாமல் போன பிறகும் கடனாகவே நின்றது.

ஜாக்கெட்டுக்காக நிற்கும் பெண்ணையும் சட்டம் முழுதாகக் கைவிடவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஆனால் 200 ரூபாய் ஜாக்கெட்டுக்கு யார் ஆணையம் ஏறுவார்கள்? அவள் சத்தம் போடமாட்டாள். அடுத்த துணியை வேறு கடையில் கொடுப்பாள். வருடத்துக்கு 6 ஜாக்கெட் தைப்பவள் என்றால் 1,200 ரூபாய் வரவு சொல்லாமல் நின்றுபோகும். கடையின் நோட்டில் அதற்கும் வரி இல்லை.

நான் கணக்கு எழுதும் நோட்டுகளில் இப்போது ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டுத் தருகிறேன். சொன்ன தேதி, கொடுத்த தேதி, நடுவில் அந்த அம்மா வந்து திரும்பிய தடவை, பெருக்கல் 168. 37-வது துணி வரும்போது, "இந்த வாரம் முடியாதும்மா, அடுத்த செவ்வாய் சாயங்காலம் 4 மணிக்கு வாங்க" என்று சொல்லி, அந்தத் தேதியைச் சீட்டில் எழுதி, துணியின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி அதோடு பின் அடித்துக் கொடுக்க வேண்டும்.