பிள்ளைகளுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கப் போகிறீர்களா? பத்திரத்தில் அந்த ஒரு வரி இருக்கிறதா?

“நான் இருக்கும்போதே பிரிச்சுக் கொடுத்துட்டா, பின்னாடி சண்டை வராது பாருங்க.” உத்திரமேரூர் பக்கத்து கிராமங்களில் அறுபதைத் தாண்டிய விவசாயிகளிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. இரண்டு ஏக்கர் நஞ்சை, ஊருக்குள் ஒரு வீடு. மூத்தவன் ஒரகடத்தில் கம்பெனி வேலை, இளையவன் ஊரில், மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. ஒரு நல்ல நாள் பார்த்து சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு பிள்ளை சோறு போடாவிட்டால் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா? முடியும். எவ்வளவு சுலபமாக முடியும் என்பது, அன்றைக்குப் பத்திரத்தில் என்ன எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது.

செட்டில்மெண்டை எல்லோரும் விரும்புவதற்கு முதல் காரணம் செலவு. கிரயப் பத்திரம் என்றால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்பு இது. பத்து லட்சம் மதிப்புள்ள நிலத்துக்கு 20,000 ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

சிக்கல் பத்திரத்தின் வாசகத்தில் இருக்கிறது. “உன் மேல் உள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்” என்று ஆரம்பித்து, “இனி எனக்கு மேற்படி சொத்தில் யாதொரு பாத்தியமும் இல்லை, எக்காலத்திலும் ரத்து செய்யமாட்டேன்” என்று முடிகிற பத்திரங்கள்தான் அதிகம். எழுதுபவர் பழைய மாதிரியைப் பார்த்து எழுதுகிறார், பெரியவர் கைநாட்டு வைக்கிறார். சட்டப்படி இது தானம். மகன் ஏற்றுக்கொண்டுவிட்டால், மனசு மாறி நீங்களே போய் ரத்துப் பத்திரம் எழுதினாலும் செல்லாது.

இங்கேதான் 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் உதவுகிறது. அதன் 23-வது பிரிவு சொல்வது இது: அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது நிரம்பியவர் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யத் தவறினால், அந்தப் பத்திரம் ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கப்பட்டதாகக் கருதப்படும். தீர்ப்பாயம் அது செல்லாது என்று அறிவிக்கலாம். சட்டம் அமலுக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்குத்தான் இது பொருந்தும்.

இது ஏட்டளவில் நிற்கும் சட்டமில்லை. நமக்குப் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் 2018-ல், மகன்கள் கைவிட்ட ஒரு வயதான தம்பதிக்கு, அவர்கள் எழுதிக் கொடுத்த நிலத்தை அப்போதைய ஆட்சியர் கே.எஸ்.கந்தசாமி மீட்டுக் கொடுத்தார்.

நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதவில்லை என்றால்?

இதில் நீதிமன்றங்களே ஒரே குரலில் பேசவில்லை. நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு 23-வது பிரிவு பொருந்தாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரி 2-ல் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம், இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகவே பார்க்க வேண்டும் என்று கூறி, அவர் மகனுக்குக் கொடுத்த தானத்தை ரத்து செய்தது. அங்கே மகன் கவனித்துக்கொள்வதாகத் தனியாக எழுதிக் கொடுத்த ஒரு காகிதம் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். பிறகு 2025 மார்ச்சில், நாகப்பட்டினத்து 87 வயது மூதாட்டியின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் எஸ்.எம்.சுப்ரமணியம், கே.ராஜசேகர் அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அன்பினால் எழுதிக் கொடுத்தேன் என்றாலே கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதற்குள் அடங்கிவிட்டது என்றது.

ஆறுதலான தீர்ப்புதான். ஆனால் எண்பது வயதில் அதை நம்பி கோர்ட்டு வாசலில் நிற்பதைவிட, பத்திரத்திலேயே எழுதிவிடுவது மேல். பெரிய சட்டத் தமிழ் தேவையில்லை. “என் ஆயுளும் என் மனைவி ஆயுளும் உள்ளவரை உணவு, உடை, இருப்பிடம், மருத்துவச் செலவு ஆகியவற்றை நீ செய்து வர வேண்டியது, தவறினால் இந்த செட்டில்மெண்டை ரத்து செய்ய எங்களுக்கு உரிமை உண்டு” என்று இருந்தால் போதும். நாளைக்கு மகன் சொத்தை விற்கப் போனாலும், வாங்க வருபவர் கண்ணில் இந்த வரி படும்.

கூடவே, “எங்கள் ஆயுள் உள்ளவரை நாங்களே அனுபவித்துக்கொள்வோம்” என்று ஆயுள்கால அனுபவ உரிமையையும் வைத்துக்கொள்ளலாம். அப்படி எழுதினாலும் தானம் செல்லும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. குறைந்தபட்சம் குடியிருக்கும் வீட்டுக்காவது இதைச் செய்துவிடுங்கள். இதே உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, சபைக்கு நிற்பவருக்கு 35 முதல் 70 வயது என்று வரம்பு வைத்ததோடு, கால் வேலிக்கு மேல் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும் என்றது. காணி கையில் இருந்தால்தான் பேச்சுக்கு மதிப்பு என்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த ஊருக்குத் தெரிந்த சமாச்சாரம்!

உயில் எழுதினால் என்ன?

கேட்டால் எங்கள் யோசனை, பல குடும்பங்களுக்கு அதுதான் நல்லது. உயிலுக்கு முத்திரைத் தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை (பதிந்தால் பின்னால் வம்பு குறையும்). இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் சொத்து வாங்கப் போகிறவர்களாக இல்லாமல் இருப்பது நல்லது. உயிர் இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், பட்டாவும் உங்கள் பெயரிலேயே இருக்கும். “உயில் எழுதினா ஆயுசு குறையும்”னு சொல்றதெல்லாம் வெறும் பயம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பூர்வீகச் சொத்தாக இருந்தால் உங்கள் பங்குக்கு மட்டும்தான் உயில் எழுத முடியும். தமிழ்நாட்டில் 1989-லேயே, நாடு முழுக்க 2005-ல், மகளுக்கும் அதில் பிறப்புரிமை வந்துவிட்டது. கட்டிக் கொடுத்த பெண்ணை விட்டுவிட்டு மகன்களுக்குள் மட்டும் பிரித்தால், சண்டை வரக் கூடாது என்று செய்த காரியமே வழக்கில் போய் நிற்கும்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்கள் எங்கே போவது?

உத்திரமேரூர் தாலுகாவுக்குக் காஞ்சிபுரம் வருவாய்க் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயம். பத்திர நகல், வில்லங்கச் சான்று, வயதுச் சான்றோடு மனு கொடுக்கலாம். பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதோடு, மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். பராமரிப்பு மனுவை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். தீர்ப்பு எதிராகப் போனால் ஆட்சியரிடம் 60 நாளுக்குள் மேல்முறையீடு. எங்கே போவது, என்ன எழுதுவது என்று தெரியாமல் திகைப்பவர்கள் முதியோர் உதவி எண் 14567-க்கு போன் செய்யலாம், கட்டணம் கிடையாது.