பிழையைப் பங்கிடுதல்

சாலை விபத்து நேர்ந்தால் குற்றம் யாருடையது என்று கேட்கிறோம். இருவரிடமும் குற்றமிருப்பின் இழப்பீட்டை எங்ஙனம் கணக்கிடுவது? இங்கிலாந்து நாட்டவர் இதற்கு விடை கண்ட வரலாறு அறியத்தக்கது.

1809-ஆம் ஆண்டில் அங்கே ஒரு வழக்கு வந்தது. வீட்டைப் பழுதுபார்த்த ஒருவன் பாதையில் கழியொன்றைக் குறுக்கே வைத்திருந்தான். அந்தி வேளையில் குதிரைமீது கடுகி வந்தவன் அதில் மோதி விழுந்தான். மெல்ல வந்திருந்தால் கழியைக் கண்டிருக்கலாம் என்று கூறி, அவனுக்கு ஒரு காசும் இல்லையெனத் தீர்த்தனர். சிறு பிழையும் முழு இழப்பீட்டையும் விழுங்கிய இக்கடுமையை 1945-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிற்று. பிழையின் பங்குக்கேற்ப இழப்பீட்டைக் குறைத்தால் போதும் என்றது அச்சட்டம்.

அப்பங்கை அளப்பது எப்படி? மோதலுக்குக் காரணம் வேறு, காயத்துக்குக் காரணம் வேறு என்று 1975-இல் டென்னிங் பிரபு தெளிவுபடுத்தினார். பிறர் தவற்றால் மோதுண்டவர் இருக்கைப் பட்டை அணியாதிருந்தார் என்று கொள்வோம். அணிந்திருந்தால் காயமே நேர்ந்திராதெனில் 100-க்கு 25 குறையும். காயம் கணிசமாகத் தணிந்திருக்குமெனில் 15 குறையும். வேறுபாடே இராதெனில் ஒன்றும் குறையாது. ஆயிரம் பவுன் பெறவேண்டியவர் முறையே 750, 850, 1,000 பவுன் பெறுவார். காப்பீட்டுக் கழகத்தார் வழக்குமன்றம் செல்லாமலே இவ்வளவைகளைக் கொண்டு பேசித் தீர்க்கின்றனர்.

நெடுங்காலம் கணக்குக் கற்பித்த எனக்கு இவ்வகுத்தல் மிகப் பிடிக்கும். சிறு பிழை செய்தவர் அனைத்தையும் இழப்பதில்லை; பெரும்பிழை செய்தவர் அதைக் காட்டித் தப்புவதுமில்லை.