பூட்டிக்கொண்ட ஐசியைத் திறக்கும் 12 வோல்ட்

ஏடிடைனி85 எட்டே கால்கள் கொண்ட மைக்ரோகன்ட்ரோலர். வழக்கமான புரோகிராமர் அதன் முதல் காலான ரீசெட்டைக் கிரவுண்டில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழையும். கால்கள் போதாதபோது ரீசெட்டையும் சாதாரணக் காலாக மாற்றிக்கொள்ள ஒரு ஃபியூஸ் பிட் உண்டு. அதை எழுதியதும் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய நிலை. ஐசி செத்துவிட்டதென்று இதைக் குப்பையில் போடுவது வீண். உள்ளே நிரல் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

திறக்கும் வழி, அதே முதல் காலில் 12 வோல்ட் கொடுப்பது. மற்ற எந்தக் காலிலும் இவ்வளவு கொடுத்தால் ஐசி கருகிவிடும். அவை ஒவ்வொன்றிலிருந்தும் சப்ளைக்கு ஒரு காப்பு டயோடு உண்டு. சப்ளையைவிட அரை வோல்ட் கூடினாலே ஆபத்து. ரீசெட்டுக்கு மட்டும் அந்த டயோடு இல்லை. 13 வோல்ட் வரை தாங்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு. சாதாரணக் காலாக மாற்றினாலும் ரீசெட்டால் ஒரு எல்இடியைக்கூடப் பளிச்சென்று எரிக்க முடியாது. இந்த நோஞ்சான் காலுக்காக வாசலை அடைப்பது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு.

புரோகிராமர் செய்ய ஆர்டுயினோ ஊனோ, ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், சில 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 12 வோல்ட் சப்ளை போதும். 12 வோல்ட் ஒரு ரெசிஸ்டர் வழியாக முதல் காலுக்கு வரும். டிரான்சிஸ்டரின் கலெக்டர் அந்தக் காலிலும் எமிட்டர் கிரவுண்டிலும் சேரும். ஆர்டுயினோ பேஸுக்கு 5 வோல்ட் தந்தால் ரீசெட் கிரவுண்டுக்கு இறங்கும். நிறுத்தினால் 12 வோல்ட்டுக்கு ஏறும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்கள் சுமையில்லாதபோது 15, 16 வோல்ட் காட்டும். ஆகவே 7812 ரெகுலேட்டர் போட்டு, ஐசியைச் செருகும் முன் மல்டிமீட்டரில் அளந்துவிட வேண்டும்.

சப்ளைக் காலான எட்டாம் காலின் 5 வோல்ட்டும் ஆர்டுயினோவின் ஒரு பின்னிலிருந்தே வர வேண்டும். ஏனெனில் வோல்ட்டேஜ்கள் ஏறும் வரிசை தவறினால் ஐசி திறக்காது. முதலில் 5, 6, 7ஆம் கால்களும் ரீசெட்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். பிறகு 5 வோல்ட். 20 முதல் 60 மைக்ரோசெகண்டுக்குள் 12 வோல்ட். அடுத்து குறைந்தது 10 மைக்ரோசெகண்டு பொறுத்து ஏழாம் காலை விட்டுவிட வேண்டும், ஏனெனில் இனி ஐசி பதில் சொல்வது அதன் வழியாகத்தான். இன்னும் 300 மைக்ரோசெகண்டு கழித்து, இரண்டாம் காலில் தரும் துடிப்புகளுக்கேற்ப ஐந்தாம் காலில் தரவும் ஆறாம் காலில் கட்டளையும் ஒரே நேரத்தில் செல்லும். ஒரு கட்டளைக்கு 11 துடிப்புகள்.

அந்த ஃபியூஸ் பிட் அடங்கிய மேல் ஃபியூஸ் பைட்டில் தொழிற்சாலை மதிப்பான டிஎஃப் (ஹெக்ஸ்) எழுதப்பட்டதும் ரீசெட் பழைய வேலைக்குத் திரும்பும். ஃபியூஸ் எழுதுவது நிரலை அழிப்பதில்லை.