கிழிக்கும் தாளில் ராகு காலம்

தமிழ்நாட்டு வீடுகளிலும் கடைகளிலும் தொங்கும் தினசரி காலண்டர்களில் பெரும்பகுதி சிவகாசியில் அச்சாகிறது. அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பத்தை அச்சகத்தார் ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு வெளியிட்டு, ஆர்டர் எடுக்கத் தொடங்குவார்கள். புதுக் காரியத்துக்கு ஆகாது என்று ஊர் ஒதுக்கும் ஆடியில்தான், ஊருக்கே நல்ல நாள் சொல்லும் தொழில் கணக்கைத் தொடங்குகிறது. பதினெட்டாம் பெருக்குக்கு மட்டும் தோஷமில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம்.

தேதிக்குக் கீழே நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். ராசிக்கு ஒரு சொல்லாக ‘வரவு’, ‘அலைச்சல்’, ‘பயம்’ என்று பலனும் உண்டு. பல்லி விழும் பலனும் மனையடி சாஸ்திரமும் கடைசித் தாள்களில் வரும்.

சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரையிலான பகலை எட்டாகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு ராகு காலம். திங்களன்று இரண்டாம் பங்கு, வெள்ளியன்று நான்காம் பங்கு என்று கிழமைக்கேற்ப இடம் மாறும். காலண்டர் பகலைக் காலை 6 முதல் மாலை 6 வரை என்று வைத்துக்கொள்வதால், திங்கள் ராகு காலம் ஆண்டு முழுக்க 7.30 – 9 என்றே நிற்கிறது. ஆனால் இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது, சிவகாசியோ 77.8 பாகையில் இருக்கிறது. அதனால் உள்ளூர்ச் சூரிய நேரம் சுமார் 19 நிமிடம் பிந்தியது. ஜனவரி நடுவில் அங்கே சூரியன் உதிக்கவே ஆறரை மணி தாண்டிவிடும். விதிப்படி அப்போதைய திங்கள் ராகு காலம் எட்டு மணிவாக்கில் தொடங்கி ஒன்பதரை வரை நீளும். ஒன்பது அடித்ததும் நிம்மதியாகச் செருப்பை மாட்டுபவர், கணக்குப்படி ராகு காலத்துக்குள்தான் தெருவில் இறங்குகிறார். இதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நம்பிக்கை தாளின் மீதுதான், வானத்தின் மீதல்ல.

தடையோடு விலக்கும் சேர்ந்தே அச்சாகிறது. திங்கள், சனியில் கிழக்கே சூலம். அந்தத் திசையில் போயே ஆகவேண்டுமென்றால் பரிகாரம் தயிர். வியாழனன்று தெற்கே போகத் தைலம். குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பதால் நகை வாங்கலாம், கடன் வாங்கக் கூடாது.

பேச்சில் இவை மறுப்பை மெழுகவும் பயன்படுகின்றன. கைமாற்று கேட்டு வந்தவரிடம் “இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே” என்றால் போதும். பணமில்லை என்று சொல்ல வேண்டியதில்லை, கேட்டவருக்கும் அவமானமில்லை. “எனக்குச் சந்திராஷ்டமம், வாயைக் கிளறாதே” என்பதும் இந்த வகைதான். பிறந்த ராசிக்கு எட்டாம் ராசியில் சந்திரன் நிற்கும் இரண்டே கால் நாள் அது. பன்னிரண்டு ராசிக்கும் மாறிமாறி வருவதால், எந்த நாளிலும் ஏதோ ஒரு ராசிக்காரருக்கு அந்தச் சாக்கு கைவசம் இருக்கும்.

சிவகாசி இருக்கும் மாவட்டத்திலேயே இந்த நம்பிக்கைகளுக்கு எதிர்ப்பும் எழுந்தது. அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928-இல் பெரியார் தலைமையில் புரோகிதரில்லாமல் நடந்ததே முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். பிற்பாடு சுயமரியாதை இயக்கத்தார் வேண்டுமென்றே ராகு காலத்தில் திருமணம் நடத்தினர். சுயமரியாதைத் திருமணங்கள் செல்லும் என்ற சட்டத்தை 1967-இல் அண்ணாவின் அரசு நிறைவேற்றியது. ஆனாலும் இன்று முகூர்த்த நாள்களில் பத்திரப்பதிவுக்குக் கூட்டம் அலைமோதுவதால், சார்பதிவாளர் அலுவலகங்களில் வழக்கமான 100 டோக்கன்களுக்குப் பதில் 150 வழங்கப் பதிவுத்துறையே அறிவிப்பு வெளியிடுகிறது.