பிரேக் பிடிச்சா `கீச்'சுனு சத்தமா? கார் பிரேக் பேடு மாத்த வேண்டிய நேரம் இதுதான்!

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது ஜாலி. இறங்குவதுதான் டெஸ்ட். நண்பர்கள் நாலு பேரோடு காரில் இறங்கிக்கொண்டிருந்தேன். பாட்டு ஃபுல் சவுண்டில் ஓடிக்கொண்டிருந்தது. சிக்னல் போய் பாட்டு நின்ற நொடியில்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் `கர்ர்ர்... கர்ர்ர்...'

அதன் பிறகு காருக்குள் யாரும் பேசவில்லை. ஃபர்ஸ்ட் கியரிலேயே ஊர்ந்து காரவள்ளி அடிவாரம் வந்து சேர்ந்தோம். சேந்தமங்கலத்தில் ஒரு மெக்கானிக் வீலைக் கழற்றிக் காட்டினார். பேடில் உராய்வுப் பொருளே இல்லை. வெறும் இரும்புத் தகடு டிஸ்க்கை உழுதிருந்தது. ``ஒரு மாசமாவே கீச்சு கீச்சுனு கத்தியிருக்கும் தம்பி. பாட்டு சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது'' என்றார். பேடோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, இரண்டு டிஸ்க்குக்கும் சேர்த்து ஆனது.

பிரேக் பேடு திடீரென்று கைவிடாது. முன்கூட்டியே சொல்லும். நாம்தான் கவனிப்பதில்லை. அது எப்படியெல்லாம் சொல்லும்னு பார்ப்போம்.

பேடு ஏன் தேய்கிறது?

சைக்கிளில் பிரேக் பிடித்தால், இரண்டு ரப்பர் கட்டைகள் ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் இல்லையா? காரிலும் அதே கதைதான். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை, இரண்டு பக்கமும் இருந்து பேடுகள் அழுத்துகின்றன. ஒவ்வொரு அழுத்தத்திலும் பேடு கொஞ்சம் தேயும்.

பொதுவாக 30,000 முதல் 60,000 கி.மீ வரை ஒரு செட் உழைக்கும். ஆனால், இது ஓட்டும் விதத்தைப் பொறுத்தது. தினமும் டிராஃபிக்கில் நின்று நின்று போகிற காரில் சீக்கிரம் தேயும். ஹைவேயில் ஓடும் காரில் கூடுதல் நாள் வரும். அதனால் கிலோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம்.

காது கொடுத்துக் கேளுங்க!

பல கார்களின் பேடில் சின்னதாக ஒரு இரும்புப் பட்டை இருக்கும். பேடு 2 - 3 மி.மீ அளவுக்குத் தேய்ந்ததும், இது டிஸ்க்கில் உரசி `கீச்'சென்று கத்தும். கெட்டுப்போனதால் வரும் சத்தம் இல்லை இது. `என்னை மாத்து' என்று சொல்வதற்காகவே வைத்த அலாரம். அந்த வாரமே மெக்கானிக்கைப் பார்த்துவிடுங்கள்.

`கர்ர்ர்' என்று அரைக்கும் சத்தம் என்றால், அலாரம் கட்டத்தைத் தாண்டிவிட்டது. இரும்போடு இரும்பு உரசுகிறது. அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

மழை பெய்த மறுநாள் காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்கு மட்டும் சத்தம் வந்து நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். டிஸ்க்கின் மேல் படிந்த லேசான துரு அது.

கண்ணால பாருங்க!

அலாய் வீல் என்றால், இடைவெளி வழியாக மொபைல் டார்ச் அடித்தாலே பேடு தெரியும். புது பேடில் உராய்வுப் பொருள் 10 மி.மீ அளவுக்கு இருக்கும். அது 3 மி.மீ ஆகிவிட்டால் மாற்றத் தயாராகுங்கள். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கினால் ஏறக்குறைய அந்த கனம்தான். 2 மி.மீ-க்குக் கீழே போனால் யோசிக்கவே வேண்டாம்.

ஒரு விஷயம்: வெளியிலிருந்து தெரிவது வெளிப்பக்க பேடு மட்டும்தான். சில நேரம் உள்பக்க பேடு அதைவிட வேகமாகத் தேய்ந்திருக்கும். எனவே, ஒவ்வொரு சர்வீஸிலும் வீலைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் இருந்தால், உள்ளே இருக்கும் பிரேக் ஷூவையும் அப்படியே.

பிரேக் ஆயில் குறையுதா?

பேடு தேயத் தேய, பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மெள்ள இறங்கும். உடனே `டாப்-அப் பண்ணிடலாம்' என்று ஊற்றாதீர்கள். முதலில் பேடைப் பாருங்கள். சட்டென்று குறைந்தால் எங்கோ லீக் என்று அர்த்தம், வண்டியை எடுக்காதீர்கள்.

எல்லாத்துக்கும் பேடு காரணமில்லை!

பெடல் மெத்து மெத்தென்று உள்ளே போனால், ஆயிலில் காற்றோ ஈரமோ சேர்ந்திருக்கலாம். மிதிக்கும்போது பெடல் அதிர்ந்தால், டிஸ்க் சீராக இல்லாமல் இருக்கலாம். கார் ஒரு பக்கமாக இழுத்தால், காலிப்பர் சிக்கியிருக்கலாம். இந்த மூன்றுக்கும் பேடை மட்டும் மாற்றினால் காசுதான் வீண்.

மாத்தும்போது...

தேய்ந்தது ஒரு பக்கம்தான் என்றாலும், முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லையென்றால் பிரேக் ஒரு பக்கம் கூடுதலாகப் பிடிக்கும். மாற்றி முடித்ததும், காரை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து முறை மிதித்து, அது கெட்டியாகிறதா என்று பாருங்கள். இதை மறந்தால் முதல் பிரேக்கே பிடிக்காமல் போகலாம். புது பேடு செட்டாகும் வரை, முதல் 200 - 300 கி.மீ-க்கு அவசியமில்லாமல் சடன் பிரேக் அடிக்காதீர்கள்.

மலையில் இறங்கும்போது பேடு நன்றாக இருந்தாலும், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் பேடு சூடேறி, பிடிமானம் குறைந்துவிடும்.

அடுத்த முறை கார் எடுக்கும்போது பாட்டை நிறுத்திட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏதாவது ஒரு சுவர் ஓரமாக மெதுவாக ஓட்டி ரெண்டு தடவை பிரேக் பிடிச்சுப் பாருங்க. ஒரு நிமிஷ வேலைதான். நான் அதைச் செய்திருந்தால், கொல்லிமலையில் நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்க வேண்டியதில்லை.