எலும்புக் கட்டும் எண்ணிக்கையும்: பொது சுகாதார முதுநிலைப் படிப்பு

சென்னையிலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில், திருத்தணியைக் கடந்து ஆந்திர எல்லைக்குள் நுழைந்த பின் வருவது புத்தூர். இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் பெயரைத் தமிழ்நாட்டில் அறியாதார் மிகச் சிலரே. 'புத்தூர் கட்டு' என்னும் பெயர்ப்பலகை தமிழக நகரங்கள் பலவற்றிலும் தொங்குகிறது. ஊரையடுத்த சிற்றூர் ஒன்றில் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தலைமுறை தலைமுறையாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வருகின்றனர். முறிந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, எலும்பை நேர்செய்து, பச்சிலைச் சாறும் முட்டை வெண்கருவும் பூசி, மூங்கில் பத்தைகளை வைத்துத் துணியால் இறுகக் கட்டுவது இம்முறை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மக்கள் இன்றும் வந்தவண்ணம் உள்ளனர்.

கட்டுப் போட வந்து அமர்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்து மருத்துவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கால் எவ்வாறு சேரும்? அதே திண்ணையில் பொது சுகாதாரம் பயிலும் மாணவர் ஒருவர் அமர்ந்தால் அவருடைய கேள்விகள் வேறாக இருக்கும். இன்று வந்தவர் எத்தனை பேர்? அவர்களில் நெடுஞ்சாலையில் விழுந்தவர் எத்தனை பேர், வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்த முதியவர் எத்தனை பேர்? எந்த ஊர்ச் சாலையிலிருந்து மிகுதியாக வருகின்றனர்? அடிபட்டும் இங்கு வராமல் போனவர் எத்தனை பேர்?

கடைசிக் கேள்வியே முக்கியமானது. கட்டுப் போட்டுக் குணமடைந்தவர் ஊருக்குத் திரும்பிப் பத்துப் பேரிடம் சொல்கிறார். அந்தப் பத்துப் பேரும் இம்முறை தவறாது பலன் தருவது என்று நம்புகின்றனர். குணமடையாதவர் புத்தூருக்குத் திரும்பி வருவதில்லை. கை வீங்கியோ எலும்பு கோணலாகச் சேர்ந்தோ நகரத்து மருத்துவமனைக்குச் செல்கிறார். அங்குள்ள எலும்பு மருத்துவர் காண்பது தோல்விகளை மட்டுமே. எனவே இம்முறை முற்றிலும் தீது என்று அவர் முடிவு செய்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் கையிலும் இருப்பது தொகுதி எண் மட்டுமே. வகுக்கும் எண் ஒருவரிடமும் இல்லை. முதல் நாள் வந்த அனைவரையும் பெயர், வயது, முறிவின் தன்மை ஆகியவற்றுடன் பதிவேட்டில் குறித்து, ஓராண்டுக்குப் பின் ஒருவர் விடாமல் தேடிச் சென்று, எத்தனை பேர் நடக்கின்றனர், எத்தனை பேருக்குக் கை மடங்குகிறது என்று பார்த்தாலன்றி உண்மை தெரியாது. தேடியும் கிடைக்காதவர்களை எவ்வாறு கணக்கில் கொள்வது என்பதற்கும் விதிமுறைகள் உண்டு. பொது சுகாதார முதுநிலைப் பட்டம் கற்பிப்பதன் சாரம் ஏறத்தாழ இதுதான்.

மருத்துவர் அல்லாதாரும் பயிலலாமா?

இப்படிப்பைப் பற்றி மாணவரிடையே நிலவும் முதல் ஐயம் இது. எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றவர் மட்டுமே சேரக்கூடிய, மூன்றாண்டுக் கால எம்.டி. சமுதாய மருத்துவம் என்னும் படிப்பு வேறு, எம்.பி.எச். எனப்படும் பொது சுகாதார முதுநிலைப் பட்டம் வேறு. பின்னது பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு. பல நிறுவனங்களில் பல் மருத்துவம், செவிலியம், சித்தம், ஆயுர்வேதம், கால்நடை மருத்துவம் பயின்றவர்களும், சிலவற்றில் அறிவியல், சமூகவியல், புள்ளியியல் பட்டதாரிகளும் சேரலாம். ஒவ்வொரு நிறுவனத்தின் தகுதி விதியும் வேறுபடுவதால் விண்ணப்பிக்குமுன் அதனைத் தனித்தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவர் அல்லாதாரை ஏன் சேர்க்க வேண்டும் என்பதற்குப் புத்தூருக்கு அண்மையிலேயே விடை உண்டு. 1955 ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே முதன்முதலாக ஜப்பானிய மூளைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது அன்றைய வடஆற்காடு மாவட்டத்து வேலூர்ப் பகுதியில்தான். சித்தூர் மாவட்டம் 1911 இல் அமைவதற்கு முன் புத்தூர் வட்டாரமும் அவ்வடஆற்காட்டைச் சேர்ந்ததே. குழந்தைக்குக் காய்ச்சலும் வலிப்பும் வந்த பின் மருத்துவர் செய்யக்கூடியது குறைவு; இந்நோய்க் கிருமியை அழிக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆனால் நோய் வரும் வழி நீளமானது. நீர்ப்பறவைகளிடமும் பன்றிகளிடமும் கிருமி பெருகுகிறது. நெல் வயலில் தேங்கிய நீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு அதனை மனிதருக்குக் கொண்டு சேர்க்கிறது. இந்த வழியை அறிய, கொசுவை அறிந்தவரும், பன்றியை அறிந்தவரும், வயலுக்கு எப்போது நீர் பாய்ச்சுகின்றனர் என்பதை அறிந்தவரும், எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டால் போதும் என்று கணக்கிடத் தெரிந்தவரும் வேண்டும். இவர்களில் பலர் மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

பாடங்களும் இதற்கேற்பவே அமைந்துள்ளன. நோய்ப்பரவலியல், உயிரிப் புள்ளியியல் ஆகிய இரண்டும் அடித்தளம். இவற்றுடன் சுற்றுச்சூழல் சுகாதாரம், சமூக நடத்தை அறிவியல், சுகாதாரக் கொள்கையும் மேலாண்மையும், சுகாதாரப் பொருளாதாரம் முதலியன சேரும். மத்திய சுகாதார அமைச்சகம் மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றையும் வெளியிட்டுள்ளது. கணிதத்தைக் கண்டு அஞ்சி மருத்துவத் துறைப் பக்கம் வந்தவர்களுக்குப் புள்ளியியல் தாள் முதற்பருவத்தில் இடர் தருவது இயல்பு. அதனைத் தாண்டியவரே களத்தில் பயன்படுவர். இறுதியில் ஆய்வேடு ஒன்று எழுத வேண்டும். நூலகத்தில் அமர்ந்து எழுதும் ஆய்வேட்டைவிட, ஒரு வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று திரட்டிய விவரங்களால் ஆன ஆய்வேடே மாணவருக்கும் அரசுக்கும் பயன் தரும்.

பட்டமும் பதவியும்

பொது சுகாதாரத்துக்கெனத் தனிப் பட்டயம் அளிக்கும் வழக்கம் 1871 இல் அயர்லாந்தின் டப்ளின் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஆனால் அது பரவியதற்குக் காரணம் பல்கலைக்கழகங்கள் அல்ல, சட்டம். 1888 ஆம் ஆண்டு பிரிட்டிஷ் உள்ளாட்சிச் சட்டம், 50,000 பேருக்கு மேற்பட்ட மக்கள்தொகை உள்ள பகுதிகளின் சுகாதார அதிகாரி இப்பட்டயம் பெற்றிருக்க வேண்டும் என்று வகுத்தது. பதவிக்குப் பட்டயம் இன்றியமையாததானதும் பட்டயத்துக்கு மாணவர் வந்தனர். அமெரிக்காவில் 1916 இல் நிறுவப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பொது சுகாதாரப் பள்ளி மருத்துவக் கல்லூரியிலிருந்து தனித்து நின்றதோடு, மருத்துவர் அல்லாதாருக்கும் கதவைத் திறந்தது. இந்தியாவில் ராக்பெல்லர் அறநிலையத்தின் உதவியுடன் கல்கத்தாவில் அகில இந்திய சுகாதார, பொது சுகாதார நிறுவனம் 1932 டிசம்பர் 30 அன்று தொடங்கப்பெற்றது.

சென்னை மாகாணம் இத்துறையில் முன்னோடி எனலாம். 1920களிலேயே மாவட்டந்தோறும் சுகாதார அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். 1939 இல் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. குடிநீர், கழிவுநீர், அறிவிக்கத்தக்க நோய்கள் ஆகியவற்றுடன் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் அதில் தனி இயல் உண்டு. திருமலைக்குச் செல்லும் யாத்திரிகர் கூட்டமும் காலராவும் ஒருசேர நினைவில் இருந்த காலம் அது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்துடன் புத்தூரும் அம்மாநிலத்திற்குச் சென்றது. அண்டையிலுள்ள திருத்தணி 1960 இல் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆயினும் எல்லைக்கு இருபுறமும் அந்த 1939 ஆம் ஆண்டுச் சட்டமே வெவ்வேறு பெயர்களில் தொடர்ந்தது.

விடுதலைக்குப் பின் இந்திய மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் பொது சுகாதாரப் பணி மருத்துவப் பணியுடன் இணைக்கப்பட்டது. மருத்துவமனையில் நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது, கிணற்றுக்குக் குளோரின் இடுவதைப் பற்றி நினைக்க எவருக்கும் நேரமிருப்பதில்லை. இணைக்கப்பட்ட துறையில் மருத்துவமனையே முந்துவது தவிர்க்க இயலாதது. தமிழ்நாடு தனி இயக்குநரகத்தையும், தனி நிதி ஒதுக்கீட்டையும், பொது சுகாதாரத்தில் பயிற்சி பெற்ற மருத்துவ அதிகாரிகளின் தனிப் பணித்தொகுதியையும் விடாது வைத்துக்கொண்டது. இத்தொகுதியில் சேரும் மருத்துவர் பொது சுகாதாரப் பட்டயம் பெற்றாக வேண்டும்; மாவட்ட அளவிலும் இயக்குநரக அளவிலும் உயர்வு பெற அதுவே வழி. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடற்கரை மாவட்டங்களைத் தாக்கியபின், முகாம்களில் பல்லாயிரவர் நெருங்கி வாழ்ந்தும் பெருங்கொள்ளைநோய் எதுவும் பரவாமற்போனதற்கு இவ்வமைப்பு ஒரு காரணமாகச் சுட்டப்படுவது குறிப்பிடத்தக்கது.

புத்தூர் மாணவருக்கு உள்ள வழிகள்

மருத்துவர் அல்லாதாரையும் பயிற்றுவிக்கும் இன்றைய முதுநிலைப் படிப்பு இந்தியாவில் பரவியது 1990களின் இறுதியிலிருந்துதான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 இல் இதனைத் தொடங்கியது. சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001 இல் களப்பயிற்சியையே முதன்மையாகக் கொண்ட படிப்பை ஏற்படுத்தியது. 2006 இல் இந்தியப் பொது சுகாதார அறநிறுவனம் தோன்றியபின் ஐதராபாத் உள்ளிட்ட நகரங்களில் அதன் கல்வி நிறுவனங்கள் எழுந்தன. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர் ஆகியவையும் இப்பட்டத்தை அளித்துள்ளன. தனியார் பல்கலைக்கழகங்கள் பல பின்தொடர்ந்துள்ளன. கட்டணம் அரசு நிறுவனங்களுக்கும் இவற்றுக்கும் இடையே பெரிதும் வேறுபடுகிறது.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கையில் கட்டடத்தைவிடக் களத்தையே பார்க்க வேண்டும். மாணவர் எத்தனை வாரங்கள் கிராமத்தில் தங்குவார், நோய் பரவும்போது ஆய்வுக் குழுவுடன் அனுப்பப்படுவாரா, ஆசிரியர்களில் மாவட்டத்தில் பணியாற்றியவர் உண்டா என்று கேட்டறிவது நன்று. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி கே.வி.குப்பத்தில் 1977 முதல் நடத்திவரும் ருஹ்சா ஊரக நல அமைப்பு, கல்வியும் களமும் எவ்வாறு ஒன்றோடொன்று இணையலாம் என்பதற்குப் புத்தூருக்கு மிக அண்மையிலுள்ள சான்று.

ஆந்திரத்தில் இத்தகையோருக்கு வேலை இல்லாமலில்லை. ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியில், தென்னையும் முந்திரியும் செழித்த ஊர்களில், ஆண்டுக்கணக்காகச் சிறுநீரகங்கள் செயலிழந்து மக்கள் மடிகின்றனர். அரசு டயாலிசிஸ் நிலையங்களை அமைத்தது, அது தேவையானதே. ஆனால் நோய்க்கான காரணம் இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை. தண்ணீரா, வெப்பத்தில் செய்யும் கடும் உழைப்பா, மருந்துகளா, பரம்பரையா என்ற வினாவுக்கு டயாலிசிஸ் இயந்திரம் விடை கூறாது.

இடர்ப்பாடு படிப்பு முடிந்தபின் தொடங்குகிறது. 2004 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் மாவட்டத்துக்கு ஒரு நோய்ப்பரவலியல் வல்லுநர் வேண்டும் என்றது. 2005 இல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கம் திட்ட மேலாளர், ஆலோசகர் முதலிய இடங்களை உருவாக்கியது. எம்.பி.எச். பட்டதாரிகளுக்கு இவை வாயில்களாயின. ஆனால் இவ்விடங்களில் மிகப் பெரும்பாலானவை ஒப்பந்த அடிப்படையிலானவை. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருப்பவர், தம் மாவட்டத்தில் நோய் மறைக்கப்படுகிறது என்று எழுதத் துணிவாரா? 1888 இல் பிரிட்டனில் சட்டம் செய்ததையும், தமிழ்நாட்டில் பணித்தொகுதி செய்ததையும், இந்தியாவின் பிற பகுதிகளில் பட்டம் மட்டும் தனித்துச் செய்துவிடும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. தமிழ்நாட்டின் தொகுதியும் மருத்துவர்களுக்கு உரியதே. செவிலியமோ புள்ளியியலோ படித்து எம்.பி.எச். பெற்றவருக்கு அங்கும் அந்த ஏணி இல்லை.

2017 ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கொள்கை எல்லா மாநிலங்களிலும் பொது சுகாதார மேலாண்மைப் பணித்தொகுதி அமைக்கப்பட வேண்டும் என்று கூறியது. கோவிட் பெருந்தொற்றின் பட்டறிவுக்குப் பின், 2022 இல் மத்திய அமைச்சகம் இதற்கான வழிகாட்டுக் குறிப்பை வெளியிட்டது. பொது சுகாதாரம் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இடம்பெற்றிருப்பதால், பதவிகளைத் தோற்றுவிப்பதும், தகுதி விதிகளில் எம்.பி.எச். என்ற மூன்றெழுத்தைச் சேர்ப்பதும், மருத்துவர் அல்லாதாருக்கு எந்தப் படிவரை உயர்வு என்று வரையறுப்பதும் மாநில அரசுகளின் கையில் உள்ளன. எனவே விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் மாணவர், கல்லூரியின் விளக்கக் கையேட்டோடு தம் மாநிலச் சுகாதாரத் துறையின் பணி விதிகளையும் பெற்றுப் படித்துவிடுவது நலம். அவ்விதிகளைத் திருத்தும் பொறுப்பிலுள்ள அலுவலர், கடந்த சில ஆண்டுகளில் தம் மாவட்ட ஒப்பந்த இடங்களை விட்டுச் சென்ற பட்டதாரிகள் எத்தனை பேர் என்ற கணக்கை முதலில் எடுத்துப் பார்க்கலாம்.